பாராட்டப்படாமை என்னும் பரீஷஹம்

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்வார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம், வினை வரும் வாயிலை அடைப்பதாகிய ஸம்வரத்தையும், முன்பு கட்டிய வினையை உதிர்ப்பதாகிய நிர்ஜரையையும் விளக்குவது. அங்கே முனிவர் பொறுக்க வேண்டிய இடர்களாக 22 பரீஷஹங்கள் எண்ணப்படுகின்றன. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம், கொசு முதலியவற்றின் கடி என உடலைத் தாக்குவனவற்றில் தொடங்கும் அவ்வரிசையில் 19-ஆவதாக நிற்பது ஸத்கார புரஸ்காரம். பாடசாலையில் பரீஷஹங்களை மனப்பாடம் செய்யும் சிறுவர் சிறுமியர் இச்சொல்லை ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுவர். பெரியோரும் அதன்மேல் நின்று நோக்குவது அரிது.

ஸத்காரம் என்பது போற்றிப் புகழ்தல். புரஸ்காரம் என்பது ஒரு செயல் தொடங்குமிடத்து ஒருவரை முன்னிறுத்துதல் அல்லது அழைத்தல். இவ்விரண்டும் கிடைக்காதபோது உள்ளத்தில் எழும் நோவைப் பொறுத்தலே ஈண்டுக் கருதப்படுவது. நோயையும் பசியையும் எண்ணிய அதே பட்டியலில், 'என்னை ஒருவரும் அழைக்கவில்லை' என்னும் மனவருத்தத்தையும் ஆசாரியர் வைத்திருப்பது வியப்புக்குரியது. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று அவர் தள்ளவில்லை. துறவியையும் அசைக்கவல்ல இடர் என்றே கொண்டார்.

பூஜ்யபாதர் தம் ஸர்வார்த்தஸித்தி உரையில் அம்முனிவரின் நெஞ்சினுள் புகுந்தே இதனைக் காட்டுகின்றார். நெடுங்காலம் பிரமசரியம் காத்தவர், பெருந்தவத்தினர், தம் சமயமும் பிற சமயமும் ஐயமறக் கற்றவர், வாதில் பலமுறை வென்றவர். அத்தகையவரை வணங்குவாரில்லை; விரைந்து எதிர்கொள்வாரில்லை; இருக்கை தருவாரில்லை. வேறிடத்திலோ, ஒன்றும் அறியாத ஒருவரையும் எல்லாம் அறிந்தவராகக் கொண்டு கொண்டாடுகின்றனர். இவ்வாறான ஒப்பீடு தவசியின் உள்ளத்திலும் எழக்கூடும் என்பதை உரையாசிரியர் மறைக்கவில்லை. அவ்வெண்ணத்தால் கலங்காது நிற்றலையே பரீஷஹ ஜயம் என்கின்றார். இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. அம்முனிவரின் தகுதிகளை அவர் ஓரணுவும் குறைக்கவில்லை. தகுதி குறைந்ததனால் மதிப்புக் கிடைக்கவில்லை என்று அவர் காரணம் கூறவில்லை. தகுதி உண்டு, மதிப்பு இல்லை; இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம்.

முனிவர்க்கு உரைத்தது இல்லறத்தார்க்கு எங்ஙனம் பொருந்தும் எனில், நம் வீட்டுப் பிள்ளைகளையே நோக்குவோம். வந்தவாசிப் பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்னைக்குக் கல்லூரிப் படிப்புக்குச் சென்ற மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்க. விடுதியில் தங்கியிருக்கின்றாள். கதிரவன் மறைந்தபின் உண்ணாத ஒழுக்கமுடையவள். கிழங்கு வகைகளும் கொள்வதில்லை. முதல் மாதம் தோழியர் நால்வரும் அவள் பொருட்டு மாலை ஐந்தரை மணிக்கே உடன் வந்து உண்டனர். இரண்டாம் மாதம், "நீதான் சாப்பிடமாட்டாயே, சும்மா வந்து உட்கார்ந்திரு" என்றனர். மூன்றாம் மாதம் அழைப்பதையே விட்டனர். அதில் பகை ஏதுமில்லை. அழைத்து என்ன பயன் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். மறுநாள் காலை கைப்பேசியைத் திறந்தால் வாட்ஸ்அப் குழுவில் முந்தைய இரவின் படங்கள். நால்வரும் ஒரு மேசையில். பின்னொரு நாள், தன்னைச் சேர்க்காமல் அந்நால்வர்க்கும் தனியே ஒரு குழு இருப்பதும் தெரிய வருகின்றது. விடுமுறைக்கு ஊர் வந்தவள் கேட்கின்றாள்: "பாட்டி, அங்கே நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ராத்திரி சாப்பிடுவதில்லை என்பதை விட்டுவிட்டால் என்ன?"

பரீஷஹங்களை ஏன் பொறுக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரகாரர் கூறிய காரணங்கள் இரண்டு: வினை உதிர்வதற்காக, மார்க்கத்தினின்று வழுவாமைக்காக. அம்மாணவியின் வினா இரண்டாவது காரணத்தின் நட்டநடுவில் நிற்கின்றது. பசியால் விரதம் விட்டாரைக் காட்டிலும், கூட்டத்தில் தனித்து நிற்கும் கூச்சத்தால் விட்டார் நம்மிடையே மிகுதி என்பது என் கருத்து.

இவ்விடத்தில் பெரியோர் விரைந்து கூறும் விடைகள் இரண்டு. 'எல்லாம் உன் வினைப்பயன்' என்பது ஒன்று. வினைக்கொள்கை தன்னைத் தானே நோக்குவதற்கு அளிக்கப்பட்ட கண்ணாடி. அழுகின்ற பிள்ளையின் வாயை அடைப்பதற்குரிய கல் அன்று. 'அவர்கள் நம் மார்க்கத்தார் அல்லர், அவர்கள் நட்பு எதற்கு' என்பது மற்றொன்று. அதே தத்வார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் எல்லா உயிர்களிடத்தும் நட்பையும், குணத்தால் உயர்ந்தோரிடத்து உவகையையும், துன்புறுவோரிடத்துக் கருணையையும், முறைகேடரிடத்து நடுநிலையையும் பாவிக்கச் சொல்கின்றது. தோழியரை வெறுக்கக் கற்பித்தால் ஒரு நோவுக்கு மருந்தாக மற்றொரு நோயைத் தந்தவராவோம்.

நோவின் காரணத்தைப் பிரித்துக் காட்டுவதே முதலில் செய்யத்தக்கது. எந்தப் பரீஷஹம் எவ்வினையால் எழும் என்று சூத்திரகாரர் பகுத்துள்ளார். வேண்டியது கிடைக்காமையாகிய அலாபம், அந்தராய வினையால் வருவது. ஸத்கார புரஸ்காரமோ சாரித்திர மோகனீயத்தால் வருவது. மாணவியின் வருத்தத்தில் இவ்விரண்டும் கலந்து கிடக்கின்றன. உடனிருந்து உண்ணும் மகிழ்ச்சி கிடைக்கவில்லை என்பது முன்னது. 'நான் ஒரு பொருட்டாக எண்ணப்படவில்லை' என்பது பின்னது. முன்னது அந்த மாலையோடு முடிந்துவிடும். வேறொரு வேளையைக் குறித்துக்கொண்டால் தீர்ந்தும் போகும். பின்னதோ இரவில் படுக்கை வரை உடன் வருவது. நாளையே தோழியர் அழைத்தாலும் அது தீராது. இரக்கத்தால் அழைக்கின்றனரோ என்னும் புது ஐயம் பிறக்கும். ஆகவே அதற்குரிய மருந்து அழைப்பிதழில் இல்லை.

சாரித்திர மோகனீயத்தின் கூறுகளாகிய நான்கு கஷாயங்களுள் இங்கு வேலை செய்வது மானம். தமிழில் மானம் என்பது இழிவு வந்தவிடத்து வாழாத பெருந்தன்மையையும் குறிக்கும் சொல்லாதலின், இளையோர் குழம்புவர். கஷாயமாகிய மானம் அப்பெருந்தன்மை அன்று. தன்னைப் பிறரோடு வைத்து நிறுத்துப் பார்க்கும் மயக்கம். தட்டு மேலெழுந்தாலும் கீழிறங்கினாலும் நிறுக்கும் தொழில் ஒன்றே. 'நான் அவரினும் மேல்' என்பது மானம் எனில், 'நான் எல்லோரினும் கீழ்' என்று ஓயாது எண்ணி வாடுவதும் அதே தராசின் மறுதட்டே. தாழ்வுற்று அழும் பிள்ளையைச் செருக்குடையவள் என்று குற்றஞ்சாட்டுவதற்கு இதனைக் கூறவில்லை. தராசைக் கீழே வைக்கலாம் என்று அவளுக்குச் சொல்லும்பொருட்டே கூறுகின்றோம்.

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தின் கர்ம காண்டத்தில் கஷாயங்களின் பதிவு உயிரில் எவ்வளவு காலம் நிற்கும் என்று கூறியிருப்பது இங்கு மிகவும் பயன்படும். ஸஞ்ஜ்வலனத்தின் பதிவு ஓர் அந்தர்முகூர்த்த காலம், அஃதாவது 48 நிமிடத்துக்கு உட்பட்டது. பிரத்தியாக்கியானாவரணத்தின் பதிவு ஒரு பட்சம், 15 நாள். அப்பிரத்தியாக்கியானாவரணத்தினது ஆறு மாதம். அதற்கும் மேற்பட்டுப் பிறவிதோறும் தொடர்வது அனந்தானுபந்தி. அடைந்த அவமதிப்பை எத்தனை நாளாகச் சுமக்கின்றோம் என்று நாட்காட்டியைப் பார்த்தே கணக்கிடலாம் போலும். விடுதி மாணவியின் வருத்தம் ஒரு பட்சத்தில் ஆறினால் அவளைப் பாராட்டலாம். நம்முள் சிலரோ, 20 ஆண்டுகளுக்கு முன் அச்சான திருமண அழைப்பிதழில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன்கீழ்த் தம் பெயர் விடுபட்டதை இன்றும் தேதி, மண்டபத்தின் பெயருடன் ஒப்பிப்பர். பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுமுன் அந்த அழைப்பிதழைக் கிழித்தெறிவது நலம்.

புறக்கணிக்கப்பட்ட நோவு ஒருவரை எவ்வளவு தொலைவு இழுத்துச் செல்லும் என்பதற்கு ஹேமசந்திரர் இயற்றிய பரிசிஷ்ட பர்வத்தில் ஒரு வரலாறு உண்டு. அது சுவேதாம்பர மரபின் நூலாயினும் பொருளால் நமக்கும் உரியதே. ஸம்பூதவிஜயர் என்னும் ஆசாரியரிடம் மாணவர் நால்வர் மழைக்காலத் தங்கலுக்கு விடை பெற்றனர். ஒருவர் சிங்கத்தின் குகைவாயிலில் உண்ணாநோன்புடன் நிற்கப் போனார். ஒருவர் நச்சுப்பாம்பின் புற்றருகே. ஒருவர் கிணற்றின் விளிம்பில். நான்காமவராகிய ஸ்தூலபத்திரர், துறவுக்கு முன் தாம் காதலித்து வாழ்ந்த கோசை என்னும் கணிகையின் சித்திரக் கூடத்தில், அறுசுவை உணவின் நடுவே நோன்பு காப்பதாகக் கூறிச் சென்றார். காலம் முடிந்து திரும்பியபோது முதல் மூவரையும் ஆசாரியர் சற்றே எழுந்து, அரியது செய்தீர் என்று வரவேற்றார். ஸ்தூலபத்திரர் வந்தபோதோ முழுவதும் எழுந்து நின்று, அரியதினும் அரியது செய்தீர் என்று போற்றினார்.

குகைவாயிலில் நின்றவருக்கு நெஞ்சு எரிந்தது. நான்கு மாதம் சிங்கத்தின் முன் பட்டினி கிடந்தவனுக்கு அரை எழுச்சி. மாளிகையில் உண்டு உறங்கியவனுக்கு முழு எழுச்சி. அமைச்சரின் மகன் என்பதனால் அன்றோ இவ்வோரவஞ்சனை என்று எண்ணினார். ஸ்தூலபத்திரர் நந்த மன்னனின் அமைச்சர் சகடாலரின் மகன். ஆகவே அந்த ஐயம் உலக இயல்புக்கு முற்றிலும் ஒத்ததே. அடுத்த மழைக்காலத்தில், தாமும் கோசையின் இல்லத்தில் தங்குவதாக அவர் கூற, போட்டியினால் எழுந்த விருப்பம் அது என்று உணர்ந்த ஆசாரியர் தடுத்தார். கேளாது சென்றார். கோசையைக் கண்டவுடன் உறுதி குலைந்தது. அவளோ அப்போது சிராவக விரதம் பூண்டவள். அவரைத் திருத்த எண்ணி, நேபாள மன்னனிடம் இரத்தின கம்பளம் பெற்று வருமாறு ஏவினாள். துறவி நடமாடலாகாத மழைக்காலத்திலேயே அவர் நேபாளம் நடந்து, அரும்பாடுபட்டுக் கம்பளத்தைக் கொணர்ந்தார். அதனை வாங்கிய கணத்திலேயே அவள் சாக்கடையில் எறிந்தாள். ஐயோ, விலைமதிப்பற்ற கம்பளமாயிற்றே என்று அவர் பதற, கம்பளத்துக்காக வருந்தும் நீர் சேற்றில் விழுந்துவிட்ட உம் தவத்துக்காக வருந்தவில்லையே என்றாள். அவர் தெளிந்து ஆசாரியரிடம் மீண்டார்.

சிங்கத்தின் முன் நின்ற அந்த நான்கு மாதத் தவம் பொய்யன்று. அதனைச் செய்தபோது அவர் தம் மார்க்கத்தில் உறுதியாகவே நின்றார். எழுந்து நின்றாரா, பாதி எழுந்தாரா என்று ஆசாரியரின் உடல் அசைவை அளந்த கணத்தில்தான் அத்தவம் அவர் கையை விட்டுப் போயிற்று. அதன்பின் அவர் மேற்கொண்டது வெளித்தோற்றத்தில் முன்னதினும் கடிய விரதம். ஆயினும் அது பிறர் கண்ணுக்காக மேற்கொண்டது. தோழியர் மதிக்க வேண்டும் என்பதற்காக விரதத்தை விடுவதும், மதிக்க வேண்டும் என்பதற்காக விரதத்தைக் கூட்டுவதும் ஒரே வேரில் முளைப்பன என்பதற்கு இவ்வரலாற்றினும் தெளிவான சான்று வேண்டா.

பூஜ்யபாதரின் மற்றொரு நூலாகிய ஸமாதி தந்திரம் இவ்வேரையே தோண்டுகின்றது. என்னைக் காணாத உலகம் எனக்குப் பகையுமன்று நட்புமன்று. என்னைக் கண்ட உலகமும் அவ்வாறே என்பது அங்கே வரும் ஒரு சிந்தனையின் சாரம். முதற்பாதியை எளிதில் உணரலாம். நான் என்பது உயிர். தோழியர் கண்டதோ உடை, பேச்சு, மதிப்பெண், உண்ணும் நேரம் ஆகியவற்றை மட்டுமே. உயிரை அவர்கள் கண்டதே இல்லை எனில், அதனை ஒதுக்கினர் என்பது எவ்வாறு? கதவைத் திறந்து பாராதவர் உள்ளிருக்கும் பொருளை விலை குறைத்துவிட்டார் என்று கூற இயலாதன்றோ. இரண்டாம் பாதி இன்னும் ஆழமானது. உயிரின் இயல்பை உண்மையாகவே கண்டவர் ஒருவரை உயர்த்தியும் மற்றவரைத் தாழ்த்தியும் வைக்கமாட்டார். ஆதலின் அவராலும் அவமதிப்பு இல்லை. அவமானம் என்பது சித்தம் சிதறியவர்க்கே உண்டு என்றும் அந்நூல் கூறுகின்றது. இது தவசியரை நோக்கிய உரை. 18 வயதுப் பிள்ளை இதனைக் கேட்ட மாத்திரத்தில் கண்ணீர் துடைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. விதை ஊன்றுவதுபோல் சொல்லி வைக்கலாம்.

தமிழ் நாட்டு முனிவரே இதற்கு ஒரு சான்றை விட்டுச் சென்றுள்ளனர். நாலடியாரின் 400 பாடல்கள் 40 அதிகாரங்களாகப் பதுமனாரால் வகுக்கப்பட்டவை. சமண முனிவர் பலர் ஆளுக்கொரு பாடலாக எழுதி வைத்துச் சென்றனர் என்பது செவிவழிச் செய்தி. இன்ன பாடல் இன்னாருடையது என்று கூற இன்று ஒருவராலும் இயலாது. பெயர் விடுபட்ட வருத்தம் அப்பாடல்களில் எங்கும் கேட்பதில்லை.

இனி, உயிரின் மதிப்பு எத்தன்மையது என்பதை ஆகமம் ஒரு சொல்லில் அடக்கியுள்ளது. அச்சொல் அகுருலகு. குரு என்றால் கனமானது. லகு என்றால் இலேசானது. அகுருலகு என்றால் கனமும் அன்று, இலேசும் அன்று. இச்சொல் நூல்களில் மூன்று இடங்களில் மூன்று பொருளில் வரும். எல்லாத் திரவியங்களுக்கும் பொதுவாய், ஒவ்வொன்றும் தன் தன்மையினின்று வழுவாமல் நிற்கச் செய்யும் குணமாக ஓரிடத்தில். உடல் இரும்புபோல் விழாமலும் பஞ்சுபோல் பறக்காமலும் இருக்கக் காரணமான நாம வினையின் ஒரு பிரிவாக மற்றோரிடத்தில். சித்தருடைய எட்டுக் குணங்களுள் ஒன்றாக மூன்றாமிடத்தில். நமக்கு வேண்டியது மூன்றாவது. உயர்வு தாழ்வு என்னும் பாகுபாட்டைத் தருவது கோத்திர வினை. அது முற்றும் நீங்கியவிடத்து வெளிப்படும் குணமே அகுருலகு. தமிழ்ச் சமண மரபில் அருகனின் எண்குணங்களை எண்ணுமிடத்துக் கோத்திரமின்மை என்று கூறுவதும் இதனோடு ஒத்ததே.

அக்குணம் புதிதாக வந்து சேர்வதன்று. மேகம் விலகக் கதிரவன் தோன்றுவதுபோல, மறைத்த வினை விலகத் தோன்றுவது. ஆகவே அது விடுதி அறையில் அழுதுகொண்டிருக்கும் மாணவியின் உயிரிலும் இப்போதே உள்ளது. அவளை அழைக்க மறந்த நால்வரின் உயிரிலும் அவ்வாறே உள்ளது. பாராட்டினால் அதன் எடை கூடுவதில்லை, மறந்தால் குறைவதுமில்லை. தன்மதிப்பு என்று இக்காலத்தில் பேசப்படுவதற்கும் இதற்கும் சிறிது வேறுபாடு உண்டு. 'நான் சிறந்தவள்' என்று நாள்தோறும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதால் வரும் மதிப்பு அடுத்த தேர்வு முடிவில் ஆட்டம் காணும். 'நான் நிறுக்கப்படும் பொருளே அன்று' என்று தெளிந்தால் ஆட்டம் காண்பதற்கு ஏதுமில்லை.

இவ்வளவும் புறக்கணிக்கப்பட்டவர் பக்கம். புறக்கணித்தவரைச் சூத்திரம் விட்டுவிடவில்லை. ஆறாம் அத்தியாயத்தில் நீச கோத்திரம் கட்டுதற்குக் காரணமாகக் கூறப்பட்டவை பிறரைப் பழித்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத குணத்தை வெளிப்படுத்துதல் என்பன. மூன்றாவதைக் கவனிக்க. கூட்டத்தில் ஒருவர் செய்த நற்பணியை அறிந்திருந்தும் அவர் பெயரைச் சொல்லாது விடுவது வெறும் மறதி என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். வினைக்கு அந்த ஆறுதல் எப்போதும் பொருந்துவதில்லை. நம் ஆலய விழாக்களில் பொருள் தந்தாரின் பெயர் ஒலிபெருக்கியில் மூன்று முறை ஒலிக்கின்றது. விடியற்காலையில் வந்து அபிஷேகப் பாத்திரங்களைத் துலக்கிய மூதாட்டியின் பெயர் ஒரு முறையும் கேட்பதில்லை. பொருள் தந்தாரைப் போற்றுதல் குற்றமன்று. மற்றவர் பெயரை விழுங்குவதே குற்றம்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் வாத்ஸல்யம் என்பது, கன்றினிடத்துப் பசு கொள்ளும் அன்பைப்போல் அறவோரிடத்து அன்பு கொள்ளுதல். ஸ்திதிகரணம் என்பது, நெறியினின்று வழுவ நேர்ந்தவரை மீண்டும் அதில் நிலைநிறுத்துதல். விரதத்தை விட்டுவிடலாமா என்று கேட்கும் பேத்தியின்முன் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு இவ்விரண்டும் அந்த நொடியில் வந்து சேர்ந்த கடமைகள். அதட்டல் இங்கே உதவாது. விரதம் அவளுடையது, குடும்பத்தின் கௌரவத்துக்காக அவள் சுமப்பதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் எதற்காக அதனைக் காக்கின்றாள், இரவில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடிவதை எண்ணியா, வீட்டார் சொன்னதனாலா என்று கேட்டு, அவள் வாயிலிருந்தே விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். அலாபத்துக்குரிய எளிய வழியையும் சொல்லலாம்: ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சிற்றுண்டிக்குத் தோழியரைத் தானே அழைப்பது. அழைப்பு எப்போதும் எதிர்ப்புறத்திலிருந்தே வரவேண்டும் என்று எந்த நூலும் விதிக்கவில்லை. அவர்கள் வரலாம், வராமலும் இருக்கலாம்.

இன்னும் ஒன்றை அவளிடம் கேட்கலாம். மாலை ஐந்தரை மணிக்கு அவள் உண்ணச் செல்லும் விடுதி உணவுக்கூடத்தில், அந்த நேரத்தில் தனியே அமர்ந்திருப்பவர் வேறு எவரேனும் உண்டா என்று அவள் இதுவரை திரும்பிப் பார்த்ததுண்டா?